சுற்றுலா வான் வந்து போகும், காசு எங்கே நிற்கும்? ஊர்க் கூட்டம் வைக்கப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் முதல் தடவை சுற்றுலா பற்றி விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தபோது நாற்பது பேரளவில் வந்தார்கள். அதில் பாதிப் பேர் தேத்தண்ணீரும் வடையும் முடிந்த கையோடு எழும்பிப் போய்விட்டார்கள். வெளியிலிருந்து ஒரு நிறுவனத்தின் சார்பில் வந்தவர் மடிக்கணினியில் படம் படமாகக் காட்டி, நிலைபேறான அபிவிருத்தி, பங்குதாரர், ஆற்றல் விருத்தி என்று ஒரு மணித்தியாலம் கதைத்தார். ஏதும் கேள்வி இருக்கிறதா என்று கடைசியில் கேட்டார். பின்வாங்கிலிருந்த ஒரு ஆச்சி எழும்பி, "தம்பி, உவையள் வந்து குளிக்கத் தொடங்கினால் எங்கட கிணத்தில தண்ணி காணுமோ?" என்றா. அவரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

அதற்குப் பிறகு ஐந்தாறு ஊர்களில் இப்படியான கூட்டங்களில் இருந்திருக்கிறேன், சிலதை நானே நடத்தியும் இருக்கிறேன். பிழை விட்டுத்தான் படித்தேன். சனசமூக நிலையம், மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம் என்று ஏதாவது ஒன்றில் இருந்துகொண்டு "எங்கள் ஊருக்கும் ஆட்கள் வந்தால் நல்லதுதானே" என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹோட்டல் கட்டப் போகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

கூட்டத்துக்கு முதல்

இடம் என்றால் சனசமூக நிலையம்தான். கோயில் மண்டபத்தில் கதிரை இருக்கும், விசிறி இருக்கும், ஆனால் எங்கள் ஊர்களில் கோயில் மண்டபத்துக்குள் எல்லாரும் ஒரே மாதிரிக் கால் வைப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும், தெரியாத மாதிரி நடித்துக்கொண்டு விழிப்புணர்வு என்று பெயர் வைப்பதில் பயன் இல்லை. பனையேறுகிறவர், பறை அடிக்கிறவர், சட்டி பானை வனைகிறவர், ஓலை இழைக்கிற பெண்கள், கடலுக்குப் போகிறவர் என்று வருகிற ஆட்கள் எதைப் பார்க்க ஆசைப்படுகிறார்களோ அந்த வேலையைக் கையில் வைத்திருப்பவர்கள் இவர்கள். கூட்டம் என்று வந்தால் வாசலோடு நின்றுவிட்டுப் போகிறவர்களும் இவர்கள்தான். நோட்டீஸ் ஒட்டினாலோ வட்ஸ்அப் குழுவில் போட்டாலோ இவர்கள் வரமாட்டார்கள். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள், முன்வாங்கில் இருக்க வையுங்கள்.

நாள் பார்ப்பதும் ஒரு வேலை. வெள்ளிக்கிழமை வேண்டாம். ஊர்க் கோயிலில் கொடியேறிவிட்டால் திருவிழா முடியும் வரை ஒன்றும் வேண்டாம். விதைப்புக் காலத்திலும் கார்த்திகை மழையிலும் கூட்டம் வைத்தால் தலைவரும் செயலாளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள், நாங்கள் இருந்தோம். எங்களுக்குச் சரிவந்தது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணி. கடலுக்குப் போய் வந்தவர் நித்திரை முடிந்து எழும்பியிருப்பார், பூசைக்குப் போனவர்கள் வீட்டிலிருப்பார்கள், பிள்ளைகளுக்கு ரியூசன் முடிந்திருக்கும் (முடியாமலும் இருக்கலாம், யாழ்ப்பாணத்தில் ரியூசன் எப்போது முடிகிறது).

படம் காட்டாதீர்கள். புளியங்கொட்டை எடுங்கள்.

நூறு புளியங்கொட்டை

எண்ணி நூறு. அதோடு ஐந்து பெட்டி அல்லது கடகம், ஊரில் இழைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு வெளிநாட்டுச் சோடி ஒரு நாள் யாழ்ப்பாணத்தில் நின்று செலவழிக்கிற காசை நூறாகப் பிரித்தால் ஒரு கொட்டை ஒரு பங்கு என்று சொல்லுங்கள். ஐந்து பெட்டிக்கும் பெயர் வையுங்கள்: வாகனம், படுக்கை, சாப்பாடு, ஊர் காட்டுகிறவர், வாங்கிக்கொண்டு போகிற சாமான். எந்தப் பெட்டிக்குள் எத்தனை போகும் என்று சனத்தையே போடச் சொல்லுங்கள். சண்டை வரும், வரட்டும். வான் ஓட்டுகிற தம்பி ஒரு கணக்குச் சொல்வார், நகரத்து விடுதியில் வேலை செய்கிற பிள்ளை வேறொரு கணக்குச் சொல்லுவா. சரியான எண்ணிக்கை தேவையில்லை. எல்லாரும் பெட்டியைச் சுற்றி நிற்கவேண்டும், அதுதான் தேவை.

இப்போது இரண்டாம் சுற்று. ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, இதில் ஊருக்குள் தங்காத கொட்டைகளை வெளியே எடுத்து நிலத்தில் போடுங்கள் என்று சொல்லுங்கள். வாகனம் கொழும்பிலிருந்து பதிவு செய்து வந்தது, ஓட்டுகிறவரும் அங்கேயிருந்து வந்தவர், பெற்றோல் நாட்டுக்கே வெளியிலிருந்து வருவது. நிலத்தில் போடு. அறை நகரத்தில், முதலாளி வேறெங்கோ. போடு. காலைச் சாப்பாடு பாண், பட்டர், ஜாம், தகரத்துச் சொசேஜ். போடு. ஊர் காட்டினவர் தெற்கிலிருந்து கூடவே வந்த வழிகாட்டி. அதையும் போடு. எங்கள் கூட்டத்தில் எல்லாம் முடிந்தபோது ஊருக்கென்று மிஞ்சியது நாலு கொட்டை: இரண்டு இளநீருக்கு, ஒன்று சந்திக் கடையில் வாங்கின தண்ணீர்ப் போத்தலுக்கு, ஒன்று ஓட்டோவுக்கு. நிலத்தில் கிடந்த குவியலைப் பார்த்துச் சனம் கொஞ்ச நேரம் கதைக்கவே இல்லை. பொருளாதாரம் படித்தவர்கள் இதைக் கசிவு என்று சொல்வார்கள். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை, ஓட்டை வாளி என்று அங்கேயே ஒருவர் பெயர் வைத்துவிட்டார்.

மூன்றாம் சுற்றில்தான் உண்மையான கூட்டம் தொடங்குகிறது. நிலத்தில் கிடப்பதில் எதைத் திருப்பிப் பெட்டிக்குள் எடுக்கலாம்? பெற்றோலை எடுக்கமுடியாது, அதை விட்டுவிடுங்கள். பாணுக்குப் பதில் பிட்டும் சம்பலும் கொடுத்தால் அந்தக் கொட்டை திரும்பி வரும், வருவதும் தனியாக வராது. அரிசி மா இடித்த மில்லுக்கு ஒரு துண்டு, தேங்காய்க்கு ஒரு துண்டு, சொதிக்குப் போட்ட மீனுக்கு ஒரு துண்டு, அந்த மீன்காரர் பின்னேரம் அதே கடையில் சீனி வாங்குவார். ஒரே ஐந்நூறு ரூபாத் தாள் ஊருக்குள் எத்தனை கை மாறுகிறது என்று கேளுங்கள். ஒரு தாளை எடுத்து நீட்டி ஆளாளாகக் கை மாற்றிக் காட்டினால் பிள்ளைகளுக்கும் விளங்கும். (தாள் திரும்பி வருகிறதா என்று கவனியுங்கள். ஒரு ஊரில் எனக்கு வரவில்லை, பகிடிக்கு எடுத்தவர் இன்னும் தரவில்லை.)

இந்தக் கூட்டத்தில் வேறு ஒன்றையும் முடிவாக்காதீர்கள். குவியலைப் பார்த்த சனம் வீட்டுக்குப் போய் இரவு அதைப்பற்றிக் கதைக்கட்டும்.

வருகிற ஆட்கள் யார்

சுற்றுலா என்றதும் எங்கள் ஆட்களின் கண்ணுக்கு வருவது முதுகில் பை கட்டிய வெள்ளைக்காரர் மட்டும்தான். உண்மையில் எங்களுக்கு நாலு விதமான ஆட்கள் வருகிறார்கள், நாலு பேருக்கும் ஒரே பாயை விரிக்கமுடியாது.

முதலாவது எங்கள் சொந்தச் சனம். கனடா, லண்டன், சுவிஸ், பிரான்ஸ் என்று போனவர்களும் அங்கே பிறந்த பிள்ளைகளும். ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் நல்லூரில் கொடியேறும், இருபத்தைந்து நாள் திருவிழா, அங்கேயெல்லாம் பள்ளிக்கூட விடுமுறையும் அந்த நேரம்தான், ஆகவே ஜூலை ஓகஸ்ட்டில் ஊர் நிரம்பும். இவர்களைச் சுற்றுலாப் பயணி என்று கூப்பிட்டால் கோபம் வரும், ஆனால் தாத்தாவின் ஊரைப் பார்க்க வந்து ஒரு வாரத்தில் அலுத்துப்போய்ப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஓலை இழைக்கக் காட்டிக்கொடுக்க ஒரு ஆள் இருந்தால் பெற்றோர் சந்தோசமாகக் காசு கொடுப்பார்கள். என் கணக்கில் முதலில் பார்க்கவேண்டியது இவர்களைத்தான், எல்லாரும் கடைசியாகப் பார்ப்பதும் இவர்களைத்தான்.

இரண்டாவது தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக நயினாதீவு நாகவிகாரைக்கு வருகிற சிங்களச் சனம். பலர் அரிசி, பருப்பு, சட்டி முட்டியோடுதான் வருவார்கள், சாப்பாட்டுக்குச் செலவழிக்கமாட்டார்கள். ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோக வாங்குவார்கள்: பனங்கட்டி, ஒடியல் (பிளந்து காயவைத்த பனங்கிழங்கு), கருவாடு, கறுத்தக்கொழும்பான் காலத்தில் மாம்பழம். இவர்களுக்கு வேண்டியது விலை எழுதின பொதி, சிங்களத்திலும் ஒரு வரி, சுத்தமான கழிப்பறை.

மூன்றாவது தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள். பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, கொரோனாவோடு நின்று 2022 டிசம்பரில் சென்னைச் சேவை திரும்பத் தொடங்கியது. நாகபட்டினம் காங்கேசன்துறைக் கப்பலும் 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, அடுத்த ஆண்டு ஓகஸ்ட்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. இவர்களுக்குக் கோயில் அங்கேயே நிறைய இருக்கிறது. எங்கள் பேச்சும் எங்கள் சாப்பாடும்தான் புதிது. சொதியை முதல் தடவை சாப்பிட்டவர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா.

நாலாவதுதான் ஐரோப்பியர் மற்றவர்கள். 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வரைக்கும் வந்த பிறகு ரெயினில் தனியாக வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். கோட்டை, நூலகம், நல்லூர், நெடுந்தீவு என்று ஒரு பட்டியலோடு வருவார்கள், உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருக்காது. அதற்காக மனம் நோகவேண்டாம். காலையில் கோட்டையைப் பார்த்துவிட்டுப் பின்னேரம் என்ன செய்வதென்று தெரியாமல் விடுதி வாசலில் நிற்கிறவருக்கு மூன்று மணித்தியாலம் கொடுக்க உங்களால் முடியும்.

ஊரை நடந்து பாருங்கள்

அடுத்த வேலை நடை. ஊரில் வயது போன இரண்டு பேர், உயர்தரம் படிக்கிற நாலு பிள்ளைகள், ஒரு கொப்பி. காலை ஆறரைக்கு வெளிக்கிடுங்கள், வெயில் ஏற முதல் முடியுங்கள். பிள்ளை எழுதவேண்டும், பெரியவர் சொல்லவேண்டும், நீங்கள் வாயை மூடிக்கொண்டு கூட நடக்கவேண்டும். கடைசி வேலை எனக்குச் சரியான கஷ்டம்.

"எங்கட ஊரில பார்க்க என்ன இருக்கு" என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். பார்க்க இருப்பது தெருவோரத்தில் இருக்கிறது. பாரம் சுமந்து வருகிறவர் தலைச்சுமையை ஒருவருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கக் கட்டின சுமைதாங்கி, பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவுக்காக அதைக் கட்டுகிற வழக்கம் இருந்தது. மாடுகள் தண்ணீர் குடித்துவிட்டு உடம்பை உரஞ்சிக்கொள்ள நட்ட ஆவுரஞ்சிக்கல். அதற்குப் பக்கத்தில் கேணி. வழிப்போக்கர் தங்க மடம், பருத்தித்துறையில் என்றால் தெருவுக்கு மேலேயே கட்டி மக்கள் அதற்குள்ளால் நடந்து போகிற தெருமூடிமடம். படலைக்கு மேலே சிறு கூரை போட்டு வெயிலுக்கு ஒதுங்குகிறவருக்கு ஒரு குடம் தண்ணீர் வைத்த சங்கடப்படலை. நடுவில் முற்றம் விட்ட நாற்சார் வீடு. கண்ணால் பார்த்தால் கல்லும் கூரையும்தான். முன்பின் தெரியாத ஒரு வழிப்போக்கனுக்கும் ஒரு மாட்டுக்கும்கூட யோசித்துக் கட்டின ஊர் இது என்று ஒரு பதினேழு வயதுப் பிள்ளை தன் வாயால் சொல்லும்போது வருகிறவர் போனைக் கீழே இறக்கிவிட்டுக் கேட்பார், நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் ஆவுரஞ்சிக்கல் இன்றைக்கு இல்லை. வீதி அகலித்தபோது இயந்திரம் பிடுங்கிப் போட்டது, இரண்டு கிழமை கழித்துத்தான் கண்டோம், கல் எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாது. யாரையும் ஏசிப் பயனில்லை, அது என்ன கல் என்று எங்கள் பிள்ளைகளுக்கே நாங்கள் சொல்லியிருக்கவில்லை. ஆகவே கொப்பியில் எழுதினதை அப்படியே வைத்திருக்காமல் படத்தோடு இரண்டு பிரதி எடுத்து ஒன்றைப் பிரதேச சபைக்கும் ஒன்றைப் பிரதேச செயலகத்துக்கும் கொடுத்து, கொடுத்ததற்குக் கையொப்பம் வாங்குங்கள். இன்னொன்று, பழைய கட்டிடத்தை நல்லெண்ணத்தில் சீமெந்து பூசிப் புதுப்பிக்க வெளிக்கிடாதீர்கள். 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாத்த இடமென்றால் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் கை வைக்கமுடியாது. அப்படி இல்லாத மடத்துக்கும் ஊதா நிறப் பெயின்ற் அடிப்பது பாவம்.

கல்லோடு நிற்காமல் கையையும் எழுதுங்கள். யார் கடகம் இழைக்கிறா, யார் நீத்துப்பெட்டி இழைக்கிறா, காத்தவராயன் கூத்தில் யார் ஆடினது, யாருக்குப் பாட்டு முழுக்கத் தெரியும், தவில் யார் வீட்டில் இருக்கிறது. மாதத்தையும் எழுதுங்கள்: தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம், மாசி பங்குனியில் முற்றத்தில் ஒடியல் காய்வது, ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும், ஆவணியில் பனம்பழம் விழ அதைப் பிசைந்து பாயில் ஊற்றிப் பனாட்டுப் போடுவது. வருடம் முழுக்க ஏதாவது ஒன்று நடந்துகொண்டுதான் இருக்கிறது. வருகிறவருக்காகப் புதிதாக ஒன்றை ஆடிக்காட்டத் தேவையில்லை, நடக்கிற நாளில் கூப்பிட்டால் போதும்.

கூழ்

சாப்பாட்டில்தான் கொட்டை கூடத் திரும்பும், ஆகவே இதில் கொஞ்சம் நிற்கிறேன். ஒடியற்கூழ் வைத்துப் பனையோலைப் பிளாவில் ஊற்றிக் கொடுத்தால் ஒரே சாப்பாட்டுக்குள் எத்தனை வீடு வந்துவிடுகிறது என்று எண்ணிப் பாருங்கள்: ஒடியல் மா ஒருவர், மீன், நண்டு, இறால் ஒருவர், பயற்றங்காய், மரவள்ளி, முருங்கையிலை ஒருவர், பலாக்கொட்டை ஒருவர், பிளா கோலுகிறவர் ஒருவர், வைக்கிற இரண்டு பெண்கள். நட்சத்திர விடுதியில் இதை வைத்தாலும் ருசி வராது, முற்றத்து வேப்பமரத்துக்குக் கீழே இருந்து ஊதி ஊதிக் குடிக்கிற சாப்பாடு அது.

ஆனால் நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதவர் இருப்பார், அதை முதல்நாளே போனில் கேட்டுவிடுங்கள். ஒடியல் மாவை ஊறவைத்துக் கசப்புத் தண்ணீரை வடிவாகப் பிழிந்து ஊற்றுங்கள், அவசரத்தில் வைத்த கூழைக் குடித்தவர் திரும்பி வரமாட்டார். உறைப்பைக் குறைத்து ஒரு சின்னச் சட்டியில் தனியாக வையுங்கள், எல்லாருடைய கூழையும் குறைக்காதீர்கள். "வெள்ளைக்காரருக்கு உறைக்கும்" என்று தூளில்லாமல் ஆக்கி வைத்த கறியை நான் சாப்பிட்டுப் பார்த்தேன், அது யாழ்ப்பாணத்துக் கறியும் இல்லை, வேறொரு ஊர்க் கறியும் இல்லை.

கள்ளு? எல்லாரும் கேட்பார்கள். உரிமம் உள்ள தவறணையைக் காட்டுங்கள், வீட்டில் ஊற்றி விற்காதீர்கள், பொலிஸ் வந்தால் சங்கத்தின் பெயரும் சேர்ந்து போகும். கருப்பணி (புளிக்காத பதநீர்) காலமென்றால் காலையில் அதைக் கொடுங்கள், பனங்கட்டி காய்ச்சுகிற இடத்தைக் காட்டுங்கள்.

ஆச்சியின் கேள்வி

தண்ணீர். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்கிற மழைத் தண்ணீர்தான் எங்கள் கிணறுகளுக்கு வருவது. கூட இறைத்தால் உவராகும், கழிவுக்குழி ஒழுகினால் அதே கிணற்றுக்குள்தான் வரும், தோட்டத்துக்குப் போடுகிற பசளையும் அங்கேதான் இறங்குகிறது. ஆகவே ஊரில் நாலு வீட்டில் அறை கொடுக்க யோசித்தால் கட்டிலுக்கும் மெத்தைக்கும் முதல் கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் இடையே எத்தனை அடி என்று அளந்து பாருங்கள், பக்கத்து வளவுக் கிணற்றையும் சேர்த்து. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அவர் வந்து பார்ப்பது அவருடைய வேலைதான், பயப்படத் தேவையில்லை. தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். குளிக்க வாளியும் கிணற்றடியும் கொடுத்தால் பலருக்கு அதுவே ஒரு புதினம், தண்ணீரும் மிஞ்சும். பங்குனி சித்திரையில் உங்கள் கிணறு வற்றுகிறதென்றால் அந்த இரண்டு மாதமும் ஆட்களைத் தங்க வைக்காதீர்கள், பகலில் வந்து போகட்டும்.

ஆச்சிக்கு இதைத்தான் ஒரு வருடம் கழித்துப் போய்ச் சொன்னேன். "உதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்றா.

பேப்பர் அலுவல்

சுருக்கமாகச் சொல்கிறேன். அறை கொடுக்கிற வீட்டை இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதியலாம், பதிந்தால் முகவர்கள் நம்பி ஆட்களை அனுப்புவார்கள். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள், அனுமதிப்பத்திரம் பற்றிப் பிரதேச சபையில் கேளுங்கள், இரண்டுக்கும் முதல் கிராம சேவகரோடு கதைத்துவிடுங்கள். ஊர் காட்டுகிற பிள்ளைகளுக்கு உரிமம் பற்றிச் சொல்லுங்கள்: தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி என்று அதிகார சபை வகை பிரித்துக் கொடுக்கிறது. தன் ஊரை மட்டும் காட்டப் போகிறவர் தேசிய வழிகாட்டியாகத் தேவையில்லை. ஓலை வேலையை விற்பனைத் தரத்துக்குக் கொண்டுவர 1978 இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையில் பயிற்சி பற்றி விசாரியுங்கள். ட்ரோன் கொண்டு வருகிறவர் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதியைக் காட்டவேண்டும், இல்லையென்றால் பறக்கவிட வேண்டாமென்று சொல்ல உங்களுக்குத் துணிவு வேண்டும்.

விற்கக்கூடாதவை

இதற்கென்றே ஒரு கூட்டம் வையுங்கள், பெண்களைத் தனியாகவும் கேளுங்கள். எந்த இடத்துக்கு ஆட்களைக் கூட்டிப்போகலாம் என்று கேட்பதை விட எந்த இடத்துக்குக் கூட்டிப்போகக்கூடாது என்று கேட்டால் பதில் கெதியாக வரும். எங்கள் ஊரில் வந்தவை: பெண்கள் குளிக்கிற கிணற்றடி, சுடலை, ஒரு அம்மன் கோயிலின் குளிர்த்தி நாள், பிறகு மகனைத் தொலைத்த ஒரு அம்மாவின் வீடு.

கடைசியில் சொன்னதைப் பற்றித்தான் கூடக் கதைக்கவேண்டும். சண்டையைப் பற்றி வருகிறவர்கள் கேட்பார்கள், கேட்காமல் விடமாட்டார்கள். பொதுவில் எல்லாருக்கும் தெரிந்த வரலாற்றைப் பிள்ளைகள் பிழையில்லாமல் சொல்லப் பழகவேண்டும். பொது நூலகம் எரிந்தது 1981 மே 31 இரவு, போனது ஏறத்தாழ 97,000 நூல்கள் என்று வருடமும் எண்ணிக்கையும் சரியாகச் சொல்லவேண்டும், நூறாயிரம், இரண்டு லட்சம் என்று கூட்டினால் உண்மையாக நடந்ததையும் நம்பமாட்டார்கள். ஆனால் ஒரு ஆளின் இழப்பு அவருடைய சொத்து. அவராக விரும்பிக் கதைத்தால் கதைக்கட்டும், பார்க்கிற இடங்களின் பட்டியலில் அந்த வீட்டை எழுதினவரோடு நான் ஒருமுறை வாய்த்தர்க்கப்பட்டேன், இன்னும் எங்களுக்குள் கதை பேச்சுக் குறைவு.

கோயில்களில் அந்தந்த இடத்து வழக்கத்தை வெளிக்கிட முதலே சொல்லிவிடுங்கள்: நல்லூரில் ஆண்கள் மேற்சட்டை கழற்றவேண்டும், உள்ளே படம் எடுக்கக்கூடாது. வாசலில் வைத்துத் தடுத்தால் இரண்டு பக்கமும் வெட்கம். பிள்ளைகளைப் படம் எடுக்க முதல் தாய் தகப்பனைக் கேட்கவேண்டும் என்பது ஊர்ச் சட்டமாக இருக்கட்டும். பிள்ளைகளுக்குச் சொக்லேற், பேனை கொடுப்பதை முதல் நாளிலிருந்தே நிறுத்துங்கள், கொடுக்க விரும்புகிறவர் சனசமூக நிலையத்து வாசிகசாலைக்குப் புத்தகமாகக் கொடுக்கட்டும். கைநீட்டப் பழகின பிள்ளையைத் திருப்புவது கஷ்டம்.

காசும் முறையும்

சீட்டுக் கட்டத் தெரிந்த ஊருக்கு இதை நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. முறை வையுங்கள். இந்தத் தடவை சமைப்பது ஒரு வீடு, அடுத்த தடவை அடுத்த வீடு, நன்றாக ஆங்கிலம் கதைக்கிறவருக்கே எல்லா முறையும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் போகத் தொடங்கும். சமைத்தவர், இழைத்துக் காட்டினவர், கூட்டிப்போனவர் எல்லாருக்கும் அன்று பின்னேரமே கையில் காசு கொடுங்கள். "பிறகு தாறம்" என்று ஒரு தடவை சொன்னால் அடுத்த தடவை கடகம் இழைக்கிற அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

நூற்றுக்குப் பத்தோ பன்னிரண்டோ நிலையத்துக்கு என்று ஒதுக்குங்கள், வங்கிக் கணக்கில் இரண்டு கையொப்பம், அதில் ஒன்று பெண்ணினுடையது. கணக்கை மாதம் ஒருமுறை நோட்டீஸ் பலகையில் ஒட்டுங்கள். ஒட்டாத மாதம் ஊரில் என்ன கதை வருமென்று உங்களுக்குத் தெரியும்.

விலையை ஆளைப் பார்த்துச் சொல்லாதீர்கள். ஓட்டோவுக்கும் இளநீருக்கும் கூழுக்கும் கடகத்துக்கும் விலை எழுதி மூன்று மொழியிலும் தொங்கவிடுங்கள். கடகம் ஒன்றுக்கு எத்தனை மணித்தியாலம் போகிறது, அந்த நேரத்துக்குக் கூலி வேலைக்குப் போனால் என்ன கிடைக்கும் என்று இழைக்கிறவரோடே இருந்து கணக்குப் பார்த்து விலை வையுங்கள். நாங்கள் பார்த்தபோது அந்த அம்மா இவ்வளவு நாளும் ஓலைக்காசைக்கூடச் சரியாக எடுக்காமல் விற்றிருக்கிறா. இணையத்தில் அறை பதிகிற தளங்கள் தரகு எடுக்கும், அதையும் கணக்கில் வையுங்கள், தொடக்கத்தில் நகரத்து விடுதிகளின் வரவேற்பு மேசையில் ஒரு துண்டுப் பிரசுரமும் ஒரு போன் இலக்கமுமே போதும்.

ஒத்திகை

முதலில் வருகிறவர் அந்நியராக இருக்கவேண்டாம். விடுமுறைக்கு வந்து நிற்கிற கனடா மாமா குடும்பத்தைப் பிடியுங்கள். பிள்ளைகளோடு சேர்த்து எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். கேணியடியில் தொடங்கி, மடம், ஓலை இழைக்கிற வீடு, பிறகு கூழ். மூன்று மணித்தியாலம். காசு கட்டாயம் வாங்குங்கள், சொந்தக்காரர் என்று விடாதீர்கள், இலவசமாகச் சாப்பிட்டவர் குறை சொல்லமாட்டார், எங்களுக்கு வேண்டியது குறை.

எங்கள் ஒத்திகையில் வந்த குறைகள்: நடை நீளம், நிழல் இல்லை, கழிப்பறையில் கொக்கி இல்லை, கூட்டிப்போன பிள்ளை மிக வேகமாகக் கதைத்தார், மாமா எல்லா இடத்திலும் தானே விளக்கம் சொல்ல வெளிக்கிட்டார். கடைசி ஒன்றுக்கு மருந்து இல்லை. மற்றதெல்லாம் ஒரு கிழமையில் சரிசெய்தோம்.

அவர்கள் போன அன்று பின்னேரமே அதே புளியங்கொட்டையையும் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு கூட்டத்தை மறுபடி கூட்டுங்கள். இந்த முறை வந்த காசை வைத்தே கொட்டையைப் போடுங்கள், வெளியே போனதை நிலத்தில் போடுங்கள், மிஞ்சினதை எண்ணுங்கள். எண்ணி முடிந்த பிறகு தேத்தண்ணீரும் வடையும் கொடுங்கள். முதலே கொடுக்காதீர்கள்.